மாடித் தோட்ட வீடியோவுக்கு ஏஐ-யிடம் ஸ்கிரிப்ட் கேட்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்குக் கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். மாடித் தோட்டம் பற்றி யூடியூப் சேனல் நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஸ்கிரிப்ட் எழுத ஏஐ-யைப் பயன்படுத்துகிறேன். 'செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது, ஐந்து நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுது' என்று கேட்டால் எப்போதும் 'இன்றைய பரபரப்பான உலகில்' என்றுதான் ஆரம்பிக்கிறது. படித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. பிராம்ப்ட்டை எப்படி எழுதினால் நான் பேசுவது போல வரும்? தமிழில் கேட்பதா, இங்கிலீஷில் கேட்பதா?"

நல்ல கேள்வி, சகோதரி. பிராம்ப்ட் என்பது ஏஐ-யிடம் நாம் எழுதிக் கேட்கும் கட்டளை. அது ஏன் அப்படி எழுதுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், எதுவாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். இதுவரை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. அந்த வரிக்குப் பொருந்தும் ஸ்கிரிப்ட் எத்தனையோ இருக்கலாம். வேறு தகவல் இல்லாதபோது, எங்கும் பார்த்துப் பழகிய பொதுவான ஒன்றைத்தான் அது எடுக்கும். உங்கள் மாடியில் வெயில் எப்படி, பூச்சியை முதலில் எந்த இடத்தில் பார்த்தீர்கள், என்ன செய்த பிறகு போனது, எதுவும் அதற்குத் தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அதனால் 'நூறு சூப்பர் பிராம்ப்ட்' என்று விற்கிறார்களே, அதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். அதில் பாதி "நீ இருபது வருட அனுபவமுள்ள தோட்டக்கலை நிபுணர்" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரியால் பேச்சின் தோரணை கொஞ்சம் மாறலாம். ஆனால் உங்கள் மாடியைப் பற்றி ஒரு விஷயம்கூட அதனால் கூடாது. "சுவாரசியமாக எழுது", "தரமாக எழுது" என்பதும் அப்படியே. சுவாரசியம் என்று கேட்டால் ஆச்சரியக்குறியும் எமோஜியும்தான் கூடும்.

சரி, என்ன செய்யலாம்? ஏஐ-யைத் திறப்பதற்கு முன்னால் போனில் குரல் டைப்பிங்கை ஆன் செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து "என் செம்பருத்தியில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கே" என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை மூன்று நிமிடம் பேசிவிடுங்கள். வரிசை மாறலாம், சொன்னதையே திரும்பச் சொல்லலாம், பரவாயில்லை. பூச்சி இலைக்காம்பு இடுக்கிலும் மொட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், செடியில் எறும்பு ஏறினால் அங்கே சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும், அதிகமாகப் பிடித்த கிளையை வெட்டிவிட வேண்டும், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினால்தான் அந்த மாவுப் படலம் போய் மருந்து பூச்சியின் உடம்பில் படும், அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும், ஒரு தடவையோடு விட்டுவிடக் கூடாது. இதெல்லாம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய விஷயங்கள். பிராம்ப்ட்டில் பெரும்பகுதி இதுவாக இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நடை. "பேச்சுத் தமிழில் எழுது" என்று மட்டும் சொன்னால் யாருடைய பேச்சு என்று அதற்குப் புரியாது. சில சமயம் சினிமா வசனம் மாதிரி வரும், சில சமயம் பாதி மேடைப் பேச்சு, பாதி அரட்டை. கோவைப் பக்கம் பேசுவதற்கும் திருநெல்வேலியில் பேசுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதை விவரித்துப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். உங்கள் பழைய வீடியோவில் நன்றாக வந்த ஒரு பகுதியை, நீங்கள் பேசியபடியே எழுத்தாக்கி பிராம்ப்ட்டில் ஒட்டுங்கள். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. இது புதிதாக நான் சொல்வது இல்லை. 2020-ல், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம், ஜிபிடி-3 என்ற தன் ஏஐ மாடல் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மையமே இதுதான்: மாடலுக்குத் திரும்பப் பயிற்சி கொடுக்காமல், கேட்கும் இடத்திலேயே சில உதாரணங்களை வைத்தால் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது.

இப்போது முழு பிராம்ப்ட்டையும் படிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "கீழே முதலில் இருப்பது நான் பேசிப் பதிவு செய்த குறிப்பு. அடுத்து இருப்பது என் பழைய வீடியோவில் நான் பேசியது. மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருக்கும், மாவுப்பூச்சியை முதல் தடவையாகப் பார்க்கும் ஒருவருக்காக இந்த வீடியோ. செடியையே பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். வீடியோ முடியும்போது இன்று சாயங்காலம் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பில் உள்ளதை வைத்து மட்டும் எழுது. அதில் இல்லாத அளவு, விலை, மருந்துப் பெயர் எதையும் சேர்க்காதே. தேவைப்படும் இடத்தில் 'இங்கே கேட்டுச் சேர்க்கவும்' என்று எழுதிவிடு. பழைய வீடியோவிலிருந்து நடையை மட்டும் எடு, விஷயத்தை எடுக்காதே. முதல் வாக்கியமே பூச்சி பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று ஆரம்பிக்கட்டும். 500 வார்த்தைக்குள் முடி." இவ்வளவுதான். இதற்குக் கீழே குறிப்பையும் பழைய பேச்சையும் ஒட்டிவிடுங்கள்.

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். "இன்றைய பரபரப்பான உலகில் என்று எழுதாதே" என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் "நவீன வாழ்க்கைச் சூழலில்" என்று ஆரம்பிக்கும்! எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று இடத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது. ஐந்து நிமிடம் என்றும் கேட்கவில்லை. நீங்கள் எவ்வளவு வேகமாகப் பேசுவீர்கள் என்று அதற்குத் தெரியாது. உங்கள் பழைய ஐந்து நிமிட வீடியோ எத்தனை வார்த்தை என்று எண்ணி அந்த எண்ணைக் கொடுங்கள். நான் சொன்ன 500 ஒரு உதாரணம்தான். அதுவும் துல்லியமாக எண்ணி எழுதாது, முன்னே பின்னே இருக்கும்.

'இங்கே கேட்டுச் சேர்க்கவும்' என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தெரியாத இடத்தில் நிறுத்தும் பழக்கம் இந்த மாடல்களுக்குக் குறைவு. எதையாவது நம்பும்படி எழுதி நிரப்பிவிடும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டக் கிட் பற்றிக் கேட்டால், தொகையையும் விண்ணப்ப முறையையும் தயங்காமல் சொல்லும். அது பழைய தகவலாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். உங்களை நம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய் நிற்பார். அப்படிப்பட்ட விவரங்களைத் துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

"இது உண்மையா?" என்று அதனிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2023-ல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த பழைய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மனுவில் மேற்கோள் காட்டினார்கள். அப்படி ஒரு தீர்ப்புமே கிடையாது. இத்தனைக்கும் அவர்களில் ஒருவர், ஒரு வழக்கின் பெயரைச் சொல்லி இது உண்மையான வழக்குதானா என்று அதனிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பதில் வந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. பூச்சிமருந்தின் அளவு தப்பாகப் போனால் அபராதம் வராது, ஆனால் யாரோ ஆசையாக வளர்த்த செடி கருகிவிடும். அதுவும் பெரிய விஷயம்தான்.

முதல் தடவை வருவது அப்படியே சரியாக இருக்காது. "நன்றாக இல்லை, திரும்ப எழுது" என்றால் நன்றாக இருந்த பகுதியும் சேர்ந்து மாறிவிடும். எந்த இடம், என்ன குறை என்று சொல்லுங்கள். "மூன்றாவது பத்தியில் தண்ணீர் பீய்ச்சுவதும் மருந்து அடிப்பதும் கலந்து வருகிறது, முதலில் தண்ணீரை முடித்துவிட்டு மருந்துக்கு வா, மற்ற பத்திகளைத் தொடாதே." இப்படி. சில சமயம் திருத்தத் திருத்த மோசமாகிக்கொண்டே போகும். அப்போது அந்த உரையாடலோடு மல்லுக்கட்டாமல் புது உரையாடல் ஒன்றைத் திறந்து, திருத்திய பிராம்ப்ட்டை முதலிலிருந்து கொடுங்கள். பழைய தப்பான வரிகள் எல்லாம் அந்த உரையாடலிலேயே இருப்பதால், அவற்றையும் பார்த்துத்தான் அது அடுத்ததை எழுதும்.

கடைசியாக, தமிழா இங்கிலீஷா? முன்பு இங்கிலீஷில் கேட்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன, தமிழ் ரொம்பவே அதிகத் துண்டுகளாக உடைந்தது. இப்போது அது நன்றாகக் குறைந்திருக்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வெளியானபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், முன்பு 116 டோக்கன் ஆன தமிழ்ப் பகுதி 35 டோக்கனில் அடங்கியது. அதனால் குறிப்பையும் மாதிரியையும் கண்டிப்பாகத் தமிழிலேயே கொடுங்கள். மேலே சொல்லும் கட்டளைகளை உங்களுக்கு வசதியான மொழியில் எழுதலாம், பெரிய வித்தியாசம் இல்லை. செய்யக் கூடாத ஒன்று, ஸ்கிரிப்ட்டை இங்கிலீஷில் எழுதவைத்துவிட்டு அப்புறம் தமிழில் மாற்றச் சொல்வது. "உங்கள் செடிகளுக்கு அவை தகுதியான அன்பைக் கொடுங்கள்" என்று வரும். எந்த வீட்டு மாடியில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

வந்ததை வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தை நீங்களே மாற்றுங்கள். அந்தத் திருத்திய ஸ்கிரிப்ட்டைச் சேமித்து வைத்து, அடுத்த வீடியோவுக்கு அதையே மாதிரியாகக் கொடுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.