தூங்குறாரா, மயங்கிக் கிடக்குறாரா? இங்கிலாந்து போலீஸ் லாக்கப்ல டிடென்ஷன் ஆபீசர் வேலை

(திரையில்: கஸ்டடி கவுன்டர்)

வணக்கம் மக்களே. இங்கிலாந்துல ஒருத்தர அரெஸ்ட் பண்ணி ஸ்டேஷனுக்கு கொண்டு வந்தா, உள்ள வைக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது கஸ்டடி சார்ஜென்ட், அதாவது லாக்கப்புக்கு பொறுப்பான போலீஸ் அதிகாரி. ஆனா அதுக்கப்புறம் கைரேகை, போட்டோ, டிஎன்ஏவுக்கு வாய்க்குள்ள பஞ்சுக்குச்சி வச்சு தேய்ச்சு எடுக்கறது, சாப்பாடு சூடு பண்ணி குடுக்கறது, போர்வை கேட்டா எடுத்துட்டு வர்றதுன்னு அந்த ஆள் கூடவே நிக்கறது டிடென்ஷன் ஆபீசர்தான். யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் இவங்க போலீஸ் கிடையாது, சிவிலியன் ஸ்டாஃப், 2002 போலீஸ் ரிஃபார்ம் ஆக்ட் மூலமா இவங்களுக்கு அதிகாரம் வந்துச்சு.

முறைப்படி குற்றம் சாட்டாம (சார்ஜ் பண்ணாம) பொதுவா 24 மணி நேரம்தான் வைக்க முடியும். வக்கீல் ஃப்ரீ, இங்கிலீஷ் தெரியலன்னா தமிழ்ல மொழிபெயர்க்கவும் ஆள் வச்சு குடுக்கணும், அதுவும் ஃப்ரீ.

(திரையில்: செல் கதவு)

இப்ப நான் சொல்ல வந்த விஷயம், செல் செக். எல்லாரையும் மணிக்கு ஒரு தடவையாவது போய் பாக்கணும், குடிச்சிருந்தா அரை மணிக்கு ஒரு தடவ. குடிச்சவர கதவுல இருக்க ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு "நல்லா தூங்குறாரு"ன்னு எழுதிட்டு போகவே கூடாது. 1984 போலீஸ் அண்ட் கிரிமினல் எவிடென்ஸ் ஆக்ட்டோட கோட் சி-ல, அதாவது லாக்கப்ல இருக்கறவங்கள எப்படி நடத்தணும்ங்கற விதிமுறைல, தெளிவா இருக்கு: உள்ள போ, பேர் சொல்லி கூப்பிடு, மெதுவா உலுக்கு, வீடு எங்க இருக்கு, இப்ப எங்க இருக்கீங்கன்னு கேளு, கண்ண திறக்கச் சொல்லு, ஒரு கைய தூக்கச் சொல்லு, அப்புறம் அடுத்த கை.

ஏன் இவ்வளவு? சாராய வாடை அடிக்குது, ஆள் சொக்கிக் கிடக்காருன்னா அது வெறும் போதையா இருக்கணும்னு அவசியமே இல்ல, தலையில அடிபட்டிருக்கலாம், சுகர் பேஷன்ட்டா இருக்கலாம், ஸ்ட்ரோக்கா இருக்கலாம், வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். குறட்டைய கேட்டு நிம்மதியாகறது ரொம்ப ஆபத்து. எழுப்பியும் எழும்பலன்னா உடனே ஆம்புலன்ஸ கூப்பிடணும், நர்ஸ் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது.

எழுப்பினா திட்டுவாங்க, சில பேர் துப்புவாங்க. அரை மணி கழிச்சு திரும்ப போய் அதே கேள்விய கேக்கணும், நைட் ஷிஃப்ட் முழுக்க. பொறுமை இல்லாதவங்க தயவு செஞ்சு இந்த வேலைக்கு அப்ளை பண்ணாதீங்க, உள்ள இருக்கறவரு தானா எழுந்து ஆஸ்பத்திரிக்கு போக முடியாது, அவருக்கு இருக்கறது நீங்க மட்டும்தான்.