ஐந்து வாசல் நகரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்போடியா போய்வந்தேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் அடுத்த வார்த்தையே "அங்கோர்வாட் பார்த்தீர்களா?" என்கிறார்கள். பார்த்தேன். அதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அதற்கு வடக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிற ஒரு மதில் சூழ்ந்த நகரத்தைப் பற்றி. பெயர் அங்கோர் தோம். 'அங்கோர்' என்பது நமக்குத் தெரிந்த 'நகரம்'தான், கெமர் மக்கள் வாயில் அப்படி உருண்டுவிட்டது. 'தோம்' என்றால் பெரியது.

நான் கோயில் கலை படித்தவன் இல்லை. முப்பது வருஷம் பாசன வேலையில் ஏரிக்கரைகளோடும் மதகுகளோடும் மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன் குளத்துக்கு வரத்து வாய்க்கால் எங்கே என்று தேடுகிறவன். இந்த உரையிலும் அந்தப் பழக்கம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஒரு சதுரம். பக்கத்துக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். சுற்றிலும் செம்புறாங்கல்லால் கட்டிய 8 மீட்டர் உயர மதில், மதிலின் உள்பக்கம் முழுக்க மண் கொட்டி அணைத்த கரை. வெளியே 100 மீட்டர் அகல அகழி. கட்டியவர் ஏழாம் ஜெயவர்மன், 1181ல் பட்டத்துக்கு வந்தவர். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1177ல், பக்கத்துச் சம்பா நாட்டின் சாம் படைகள் படகில் வந்து தலைநகரத்தைச் சூறையாடிவிட்டுப் போனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. சூடுபட்ட கைதான் இந்த மதிலைக் கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சதுரத்துக்கு ஐந்து வாசல். திசைக்கு ஒன்றாக நாலு. கிழக்கு மதிலில் மட்டும் கூடுதலாக ஒன்று, அரண்மனைக்கு நேராகப் போவதற்கு. அதன் பெயர் வெற்றி வாசல். அதற்குத் தெற்கே அரைக் கிலோமீட்டரில் இருக்கிற பழைய கிழக்கு வாசலை ஊர்க்காரர்கள் 'பிணவாசல்' என்கிறார்கள். அங்கேதான் கடைசியில் போய்ச் சேரப்போகிறோம்.

எல்லோரும் நுழைவது தெற்கு வாசலில். நானும் அப்படித்தான். சியெம் ரீப் ஊரில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகப் போய்விட்டேன். அகழியைத் தாண்டுகிற பாலத்தின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தைவிடப் பெரிய கற்சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே போகும்போது இடது கைப்பக்கம் 54 தேவர்கள், வலது கைப்பக்கம் 54 அசுரர்கள். தேவர்களுக்கு நீண்ட கண், கூம்பு மகுடம், நிம்மதியான முகம். அசுரர்களுக்கு முட்டைக்கண், நெரித்த புருவம். இரண்டு வரிசையும் மடியில் ஒரு பெரிய பாம்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பல தலைகள் களவு போய்விட்டன, சிலவற்றைக் காப்பகத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். புதிதாகச் செய்து வைத்த தலைகள் பளிச்சென்று நிறம் மாறித் தெரிகின்றன. சில உடம்புகளுக்குத் தலையே இல்லை.

பார்த்ததும் நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் "பாற்கடல் கடைகிறார்கள்" என்று சொல்லிவிடுவார். அகழிதான் கடல், ஊர் நடுவில் இருக்கிற பாயோன் கோயில்தான் மந்தர மலை. ஆராய்ச்சிக்காரர்கள் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஒரு அரைமணி நேரம் வரைக்கும். அப்புறம் பாம்பின் தலையைத் தேடிப் பார்த்தேன். பாலத்தின் வெளி முனையில் இடது பக்கமும் படம் எடுத்த தலைகள், வலது பக்கமும் படம் எடுத்த தலைகள். வாசுகி ஒன்றுதானே? ஒரு பக்கம் தலை என்றால் மறுபக்கம் வால் இருக்க வேண்டாமா? இங்கே இருப்பது இரண்டு பாம்பு, இரண்டும் வெளியே பார்க்கின்றன. அதனால்தான் வேறு சிலர், இது மனித உலகத்தையும் தேவ உலகத்தையும் இணைக்கிற வானவில் பாலம் என்கிறார்கள்.

இந்த வழக்கில் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார். சோவ் தாகுவான் என்ற சீனர். 1296 ஆகஸ்டில் சீனப் பேரரசரின் தூதுக்குழுவோடு வந்து ஒரு வருஷம் போல இங்கேயே தங்கி, பார்த்ததை எல்லாம் எழுதிவைத்தார். மதில் கட்டி ஏறக்குறைய நூறு வருஷம் ஆன காலம், ஊர் நிறைய மக்கள். ஐந்து வாசலையும், பக்கத்துக்கு 54 சிலையையும் எண்ணி எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்குக் கடைவதாகவே தெரியவில்லை. பாம்பு தப்பி ஓடிவிடாமல் இவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது என்கிறார்! புராணம் தெரியாதவரின் கண் எவ்வளவு சுத்தமாகப் பார்த்திருக்கிறது பாருங்கள். அந்த வரியை நினைத்துக்கொண்டு மறுபடி சிலைகளைப் பார்த்தால், பிடி நழுவாமல் இருக்கக் காலை ஊன்றியிருக்கிற மாதிரியே தெரிகிறது.

வாசலைப் பற்றி அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நாய்களுக்கு நகரத்துக்குள் அனுமதி இல்லை. தண்டனையாகக் கால்விரல் வெட்டப்பட்ட குற்றவாளிகளுக்கும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் கோபுரம் 23 மீட்டர். நாலு திசைக்கும் நாலு பெரிய முகம், பாதி மூடின இமை, உதட்டில் லேசான சிரிப்பு. கீழே மூலைகளில் மூன்று தலை யானை. அதன் துதிக்கைகள் தாமரைக் கொத்தைப் பறித்தபடி நேராக இறங்கித் தூண்களாகவே நிற்கின்றன. இதை யோசித்தவன் பெரிய ஆள். நுழைவழி மட்டும் குறுகல், மூன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். கெமர் கொத்தர்கள் வளைவு கட்டவில்லை. கல்லுக்கு மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்து மேலே மூடுவார்கள். அந்த முறையில் இதற்கு மேல் அகலப்படுத்த முடியாது. அதனால் இன்றைக்கும் ஒரு பக்கத்து வண்டிகள் நின்று மறுபக்கத்துக்கு வழிவிட வேண்டியிருக்கிறது.

வாசலில் இருந்து நேராக ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுப் பாதை. காடு என்றா சொன்னேன்? அது ஊர். வீடுகள் எல்லாம் மரம், ஓலை, அரண்மனையும் மரம்தான். கல் தெய்வங்களுக்கு மட்டும். மனிதர்கள் இருந்த இடம் மக்கிப் போய் மரம் முளைத்துவிட்டது. 2012ல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் பாய்ச்சி அளந்தபோது, மரங்களுக்கு அடியில் தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டு போவது தெரிந்தது.

பாயோன் தூரத்தில் வெறும் கற்குவியல். கிட்டப் போனால் ஒவ்வொரு குவியலும் ஒரு முகமாகிறது. இப்போது நிற்கிற கோபுரங்கள் 37. அந்த முகங்கள் யாருடையவை, அவலோகிதர் என்ற போதிசத்துவரா, அரசனா, பிரம்மாவா என்பதில் நூறு வருஷச் சண்டை. அதற்குள் நான் போகவில்லை. என்னை அரைநாள் பிடித்து வைத்தது கீழே வெளிச்சுற்றில் இருக்கிற புடைப்புச் சிற்பங்கள்.

தெற்குப் பக்கம் படகுப் போர். அந்தப் படகுகளுக்கு அடியில், மரங்களுக்கு நடுவே மீன்கள் நீந்துகின்றன. சிற்பி ஏதோ அவசரத்தில் குழப்பிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்தில் இருக்கிற தோன்லே சாப் ஏரி அப்படிப்பட்டது. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியேற வேண்டிய ஆற்றையே திருப்பித் தள்ளும். தண்ணீர் பின்னோக்கி ஓடும்! கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் கிடக்கிற ஏரி மழையில் 15,000 வரை விரியும். கரையோரக் காடு முங்கிவிடும், மீன்கள் கிளைகளுக்குள் முட்டையிடும். சிற்பி கண்ணால் பார்த்ததைத்தான் செதுக்கியிருக்கிறான்.

போருக்குக் கீழே சாதாரண வாழ்க்கை நடக்கிறது. சேவல் சண்டை. ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்க்கிறாள். பிரசவ வலியில் ஒரு பெண், தாங்கிப் பிடிக்க மருத்துவச்சி. ஒரு பன்றியைக் கொதிக்கிற அண்டாவுக்குள் இறக்குகிறார்கள். தரையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்கள். சோவ் தாகுவானும் இதையே சொல்கிறார்: இந்த ஊரில் வியாபாரம் பெண்கள் கையில், காலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும், கடை கிடையாது, பாயை விரித்தால் கடை. படை அணிவகுத்துப் போகிற இடத்தில் ஒருவன் பின்புறத்தை ஆமை ஒன்று கவ்வுகிறது. ராஜா கட்டுகிற கோயிலில் இதைச் செதுக்க அந்தச் சிற்பிக்கு யார் அனுமதி கொடுத்தார்களோ!

இந்தக் கோயிலின் மூலவர் ஒரு பெரிய புத்தர், 3.6 மீட்டர். ஜெயவர்மனுக்குப் பின் வந்த சைவக் காற்றில் அவரை உடைத்து நடுக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார்கள். 1933ல் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். இப்போது சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கூரைக்கு அடியில் மஞ்சள் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார், ஊதுபத்திப் புகையோடு.

அடுத்தது பாபுவோன். இது ஊருக்கு மூத்தது, 11ஆம் நூற்றாண்டின் சிவன் கோயில். மூன்று அடுக்கு மலை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் மணலும் மண்ணும். மழை ஊறினால் என்ன ஆகும் என்று எந்தக் கரை மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். பக்கவாட்டில் பிதுங்கிச் சரிந்தது. 1960களில் பிரெஞ்சுக்காரர்கள், பிரித்துக் கட்டுவதுதான் வழி என்று சுமார் 3 லட்சம் கற்களை இறக்கி, எண் போட்டு, காட்டுக்குள் பரப்பிவைத்தார்கள். எந்தக் கல் எங்கே என்ற விவரம் தாளில். அப்புறம் யுத்தம். பொல் பாட் ஆட்சியில் அந்தத் தாள்கள் அழிந்துபோயின. 1995ல் திரும்பி வந்தபோது கையில் இருந்தது காடு நிறையக் கற்களும் பழைய புகைப்படங்களும்தான். ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து 2011ல் முடித்தார்கள். படியேறும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல்நகம் நுழைகிறதா என்று பார்த்தேன். சில இடத்தில் நுழையவில்லை.

யானை மேடை, தொழுநோய் ராஜா மேடை, வழக்காளிகளை உட்கார வைத்து யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாகச் சீனர் எழுதுகிற பன்னிரண்டு கோபுரங்கள், இவற்றையெல்லாம் வழிகாட்டிகள் நன்றாகவே காட்டுவார்கள். நான் மதிலுக்கு வருகிறேன்.

மறுநாள் காலை தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தூக்கி மதில்மேல் ஏற்றினேன். அணைத்த கரையின் உச்சியில் ஒரு ஒற்றையடிப் பாதை, சுற்றிலும் போகிறது. இடது பக்கம் அகழி, வலது பக்கம் காடு. ஆள் நடமாட்டமே இல்லை. தென்மேற்கு மூலைக்கு வந்ததும் நான் இறங்கிவிட்டேன். ஏனென்றால் ஊர் முழுக்க வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்குச் சரிவு. மதிலின் உள் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடிவந்து இந்த மூலையில் ஒரு பெரிய குளத்தில் முடிகிறது. குளம் நிறைந்தால்? கரைக்கு அடியில் வரிசையாகக் கல் தூம்புகள். மிஞ்சின மழைநீர் மதிலுக்குக் கீழே புகுந்து அகழியில் விழும். எதிரி புகக் கூடாது, தண்ணீர் மட்டும் போக வேண்டும். பிரமாதமான வேலை. முகக் கோபுரத்தைப் படம் எடுத்ததைவிட அந்தத் தூம்பு வாயை அதிகம் படம் எடுத்திருக்கிறேன். வீட்டில் காட்டினால் யாரும் ரசிப்பதில்லை.

நாலு மூலையிலும் மதில்மேல் ஒரு சின்னக் கோயில் உண்டு. அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்று சமஸ்கிருதத்தில் நகரத்தை மணப்பெண்ணாகவும் ஜெயவர்மனை மாப்பிள்ளையாகவும் வர்ணிக்கிறது. உலகத்தின் சுகத்தைப் பெற்றெடுப்பதற்காக நடந்த கல்யாணமாம். நமக்கும் இவர்களுக்கும் கொஞ்சம் போக்குவரத்து இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த மதில் எழுவதற்கு ஏறக்குறைய எழுபது வருஷம் முன்பு, காம்போஜ அரசன் குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப் பொருளாக அனுப்பிய ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் வைத்தார்கள், கல்வெட்டு இருக்கிறது. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குக் கல்லை அனுப்புவானா என்று முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இந்த ஊரைப் பார்த்த பிறகு வரவில்லை.

மேற்கு வாசல், வடமேற்கு மூலையில் சைக்கிள் செயின் கழன்றது, கையெல்லாம் மசி, வடக்கு வாசல், வெற்றி வாசல். பிணவாசலுக்கு வந்தபோது பிற்பகல் சாய்ந்துவிட்டது. பார்க்க அதே கோபுரம், அதே நாலு முகம், அதே யானை. வெளியே சாலை இல்லை, வெறும் மண்தடம். பாலத்துச் சிலைகள் சிதைந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. தோற்ற படை இந்த வழியாகத்தான் திரும்புமாம், பிணங்கள் இந்த வழியாகத்தான் போகுமாம். சொல்வதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. செத்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கழுகுக்கும் நாய்க்கும் விட்டுவிடுவார்கள் என்று மட்டும் சீனர் எழுதியிருக்கிறார்.

உள்ளே போய்ப் பாயோன் பக்கம் திரும்பிவிடலாம் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். நுழைவழி நடுவில், சில்லென்ற கல் தரையில், பழுப்பு நிற நாய் ஒன்று நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. மணியடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நான்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போனேன்.

வணக்கம்.