கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு வகுப்பு

(பினாங்கில் பெற்றோருக்கும் தன்னார்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோரே, பாலர் பள்ளி ஆசிரியர்களே, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தெலுக் பஹாங்கில் 1986இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இப்போது என்டோபியா என்ற பெயரில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், நல்ல இடம். ஆனால் அரை நாளில் சிறகைப் பார்க்கலாம். வளர்வதைப் பார்க்க முடியாது. அதற்கு உங்கள் வாசலில் இருக்கும் கறிவேப்பிலையோ, லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையோ போதும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி இந்த இரண்டிலும் முட்டையிடும். தாய்ப்பூச்சி இலைமேல் முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். காலால் ருசி பார்க்கிறது என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் நகராது.

முட்டை கொழுந்தில் ஒற்றை ஒற்றையாக இருக்கும். வெளிர்மஞ்சள் நிறம், கடுகைவிடச் சிறிது. இலையைக் காம்போடு கிள்ளி எடுங்கள். மூன்று நான்கு நாளில் புழு வரும். இரண்டு வாரம் அது தின்னும், பிறகு கூட்டுப்புழுவாக எட்டு முதல் பத்து நாள். சின்னப் புழு பறவை எச்சம்போல இருப்பதால் பல வீடுகளில் அதைத் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். கடைசித் தோல் உரித்த பிறகுதான் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி வாடை வீசும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் தொட்டுக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு ஒரு தடவை என்று கண்டிப்பாக வையுங்கள்.

கூண்டுக்கு, அழுக்குத் துணி போடும் மடக்கு வலைக்கூடை நல்லது. உயரம் 30 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். ஆறு பிள்ளைக்கு மூன்று புழு போதும். ஆசைப்பட்டு இருபது வைத்தால் கடைசி நான்கைந்து நாளில் தொட்டி மொட்டையாகிவிடும். ஒரு புழு தன் ஆயுளில் தின்பதில் பெரும்பங்கைத் தின்பது அப்போதுதான். கிளையைச் சிறு போத்தல் தண்ணீரில் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏடிஸ் கொசு வளர்த்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம், புழு வளர்த்தேன் என்ற விளக்கம் எடுபடாது! எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் ஓரிரவில் பிடிக்கும்.

புழு சாவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். சந்தைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கலாம். இலைக்குள் உறிஞ்சப்பட்ட மருந்து கழுவினாலும் போகாது. கொசுவிரட்டி தடவிய கையோடு பிள்ளையைக் கூண்டருகே விடாதீர்கள். உங்கள் தாமானில் (குடியிருப்பில்) கொசுப்புகை அடிக்க வருகிறார்கள் என்றால் கூண்டை உள்ளே எடுத்துச் சன்னலைச் சாத்துங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்துக்குப் புழுவும் பூச்சிதான்.

கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதில் குளவிக்கூட்டம் வந்தால் மறைக்காதீர்கள். தோல் உலராத புதுக்கூட்டில் ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டிருக்கிறது. அழும் பிள்ளைக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும், அதுவும் பாடம்தான்.

வெளிவரும் பூச்சி தொங்கிக்கொண்டு சிறகை விரிக்க இடம் வேண்டும். தரையில் விழுந்தால் சிறகு மடங்கியபடியே உலர்ந்துவிடும். சொட்டும் செந்திரவம் இரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. சிறகு நன்றாக உலர்ந்த பிறகு, வெயில் ஏறியதும் விட்டுவிடுங்கள்.

பூச்சி பறந்ததும் வகுப்பு முடிந்தது என்று பலர் கூண்டை மடித்துவிடுகிறார்கள். மகரந்தச் சேர்க்கையைக் காட்ட, அடுத்த வாரம் கத்தரிப்பூவுக்குப் போங்கள். அதன் மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்காது. நுனியில் துளை மட்டுமே. உப்புக்குடுவையைக் குலுக்குவதுபோல அதைக் குலுக்கினால்தான் மகரந்தம் வரும். கருப்புத் தச்சன் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைத்து எடுத்துவிடும். தேன்கூட்டுத் தேனீயால் முடியாது. அறிவியல் கூடத்து இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) அதிரும்படி தட்டிப் பூவின் நடுவில் வையுங்கள், அல்லது மின் பல்துலக்கியின் பின்பக்கத்தை வையுங்கள். கீழே கறுப்புத் தாள் பிடித்தால் மஞ்சள் தூள் கொட்டுவது தெரியும். அன்று காலை விரிந்த பூவாகப் பாருங்கள். நேற்றைய பூவென்றால் தேனீ முந்தியிருக்கும்.