தங்கமீனுக்கு என்ன தரலாம், தில்லியில் எப்போது தரலாம்?

(காட்சி: மயூர் விஹார் வீடு ஒன்றின் கூடம். சுவரோரம் கண்ணாடித் தொட்டி. ஒராண்டா வகைத் தங்கமீன்கள் இரண்டு. ஒரு சிறு கை தண்ணீரில் பொரி தூவுகிறது.)

ஊரில் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுப் பழகியவர்கள், தில்லிக்குக் குடிவந்து மீன் தொட்டி வாங்கியதும் அதே பொரியைத்தான் எடுக்கிறார்கள். குளத்து மீனுக்குப் பாசியும் புழுவும் பூச்சியும் தண்ணீரிலேயே கிடைப்பதால் பொரி அதற்கு வெறும் நொறுக்குத் தீனி. தொட்டி மீனுக்கோ நாம் போடுவதைத் தவிர வேறு ஆகாரம் இல்லை. பொரி, ரொட்டித் துண்டு, சோற்றுப் பருக்கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் மாவுச்சத்தே என்பதால், அவற்றை இன்றோடு நிறுத்திவிடலாம்.

(காட்சி: தங்கமீனின் உட்புற வரைபடம். வாயிலிருந்து குடல் வரை அம்புக்குறி.)

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் உள்ள பற்கள் அரைத்துத் தள்ளும் இரை நேராகக் குடலுக்குச் செல்கிறது; சேர்த்துவைத்துச் செரிக்க இடமில்லை. எனவே காலையிலும் மாலையிலுமாக, 2 நிமிடங்களுக்குள் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போட வேண்டும். கண்ணாடியருகே நாம் போகும்போதெல்லாம் மீன் ஓடிவந்து வாயைத் திறப்பதைப் பசி என்று எண்ணிவிடக் கூடாது. அது எந்நேரமும் இரை தேடும் பிராணி. மிஞ்சிய தீனி அடியில் அழுகி அம்மோனியாவாக மாறும்போது, பட்டினியைவிட அதுவே மீனுக்குப் பெரிய ஆபத்து.

அன்றாட உணவுக்குத் தங்கமீன்களுக்கென்றே விற்கப்படும் பெல்லட் (சிறு உருண்டைத் தீனி) போதும். உருண்டை உடல் கொண்ட ஒராண்டா, ரியூகின் போன்றவற்றுக்கு மூழ்கும் வகையே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் மேற்பரப்பில் மிதப்பதைக் கவ்வும்போது அவை காற்றையும் சேர்த்து விழுங்குகின்றன. புரதம் 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கிறதா, பொருட்பட்டியலில் முதலில் இருப்பது மீன்தூளா அல்லது கோதுமை மாவா என்று உறையின் பின்புறத்தைப் பார்த்து வாங்குங்கள். உறையைத் திறந்த நாள் முதல் வைட்டமின் சி குறையத் தொடங்குவதாலும், ஜூலை, ஆகஸ்டு ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதாலும், மலிவாகக் கிடைக்கிறதென்று கிலோ கணக்கில் வாங்குவது வீண்.

(காட்சி: வெந்த பட்டாணி ஒன்று விரல்களுக்கிடையே. தோல் பிதுங்கிக் கழல்கிறது.)

பெல்லட்டோடு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் காய்கறி சேர வேண்டும். பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறியபின் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் தோல் தனியே வந்துவிடும். உள்ளிருக்கும் பருப்பை நசுக்கி, மீனின் வாய்க்கு ஏற்ற துணுக்குகளாகப் போடுங்கள். ஒரு மீனுக்கு அரைப் பட்டாணி தாராளம். தில்லியில் பட்டாணி தள்ளுவண்டிகளில் குவிவது குளிர்காலத்தில், அதாவது மீன் மிகக் குறைவாகத் தின்னும் மாதங்களில். ஆகவே உரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் மார்ச்சுக்குப் பிறகு உதவும். வேகவைத்த சுரைக்காய், வெள்ளரித் துண்டு, கீரை ஆகியவற்றையும் மாற்றி மாற்றித் தரலாம்.

தங்கமீனின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டு நிறமிகளை அதன் உடல் தானாக உருவாக்க முடியாது. ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி கலந்த தீனியும், ஆர்ட்டீமியா போன்ற சிறு இறால்வகை உயிரிகளும் அந்தக் குறையைப் போக்கும். டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளும் ரத்தப்புழுவும் வாரத்துக்கு ஒரு முறை போதும். சாக்கடைச் சேற்றில் வளரும் உயிருள்ள டூபிஃபெக்ஸ் புழு நோய்க்கிருமிகளையும் கொண்டுவரக்கூடும் என்பதால், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

(காட்சி: தொட்டியில் ஒட்டிய வெப்பமானி. 13 டிகிரி.)

சென்னையில் மீன் வளர்த்தவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று, தில்லியின் ஜனவரி. மீனின் உடல் வெப்பம் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஒரு வேளை மட்டும் சிறிதளவு கொடுங்கள். பால்கனித் தொட்டியில் 10 டிகிரிக்கும் கீழே போய்விட்டால் உணவையே நிறுத்திவிடலாம். மே, ஜூனில் நிலைமை வேறு: சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரைவதால், 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அளவைக் குறைத்து, தண்ணீர் சற்றே குளிர்ந்திருக்கும் அதிகாலையில் போடுவது நல்லது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள், நன்கு வளர்ந்த, நலமாக உள்ள மீன் ஒரு வாரம் வரை உணவின்றித் தாக்குப்பிடிக்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். அதற்கு மேல் தங்குவதானால், பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் உரிய அளவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டே ரயில் ஏறுங்கள்.