"சும்மா உக்காரும்மா" என்று சொல்லாதீர்கள்: பெரியவர்கள் வீட்டில் விழாமல் நடமாட

[காட்சி: விடியற்காலை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெரு. தண்ணீர் தெளித்த வாசலில் பாதி போட்ட கோலம்.]

வணக்கம். வயதானவர்கள் வீட்டுக்குள் கீழே விழுவதைப் பற்றித்தான் இந்த வீடியோ. எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாங்கள் செய்த தப்பை அன்பு என்று நினைத்து இன்னும் பல வீடுகளில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அம்மாவுக்கு அப்போது 74 வயது. மார்கழி மாதம், விடியற்காலை நாலரை மணி. பின்கட்டு பாத்ரூமிலிருந்து திரும்பும்போது நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் கை சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் ஒரே பல்லவிதான்: "நீ சும்மா உக்காரும்மா." கோலம் வேண்டாம். மார்க்கெட் வேண்டாம். பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில் போய் ஆட்டோவிலேயே வரவேண்டும். குடிக்கிற தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எட்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், கூடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். இந்த முறை இடுப்பு எலும்பு.

தரையில் ஈரம் இல்லை. வெளிச்சம் இருந்தது. காலைத் தடுக்க எதுவுமே இல்லை. தொடையில்தான் பலம் இல்லை. எட்டு மாதமாக அந்தப் பலத்தைக் கரைத்தவர்கள் நாங்கள்.

[காட்சி: நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ முயலும் ஒரு பாட்டி.]

வயதாக ஆகத் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உட்கார்ந்தே இருந்தால் வேகமாகக் குறையும். முதல் தடவை விழுந்த பயத்தில் நடப்பதைக் குறைப்பார்கள். நடக்காததால் கால் தளரும். தளர்ந்த கால் மறுபடி விழ வைக்கும். இந்தச் சுழலை நடுவில் அறுக்க ஒரே வழி, பாதுகாப்பாக நடக்க வைப்பது. உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. பயிற்சி என்றதும் ஜிம்மை நினைக்க வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடிகிற வேலை. ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

சரி, கால் பலமாக இருந்தும் சிலர் ஏன் விழுகிறார்கள்? பாதிக் கதை மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். இளம் உடம்பு அதை ஒரு நொடியில் சரிக்கட்டிவிடும். வயதான உடம்புக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அதைக் கவனிக்க வேண்டிய இறக்கமாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கண் இருட்டிக்கொண்டு வருவது இதனால்தான். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாமே இதை அதிகமாக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுவிட்டு ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: கண் விழித்ததும் படுக்கை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். அப்புறம் எழுந்து, எதையாவது பிடித்தபடி ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு நடக்கட்டும்.

விரதத்தையும் சொல்ல வேண்டும். கிருத்திகை, ஏகாதசி என்று சாப்பிடாமல் இருந்துவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்வார்கள். சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சர்க்கரை மளமளவென்று இறங்கி, கை நடுங்கி, வேர்த்து விழுந்துவிடுவார்கள். விரதத்தை விடச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அன்றைக்கு மாத்திரையை எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தண்ணீர். ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்குமே என்று பயந்து பகலிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் கடற்காற்று வருவதற்குள் உடம்பு வற்றி, எழுந்தால் தலை சுற்றும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. மற்றவர்களுக்குக் காலையிலிருந்து பிரித்துப் பிரித்துத் தண்ணீரோ மோரோ கொடுத்து, படுக்கப் போகும் முன் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

[காட்சி: பாத்ரூம். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தும் கைகள்.]

இனி வீடு. பாத்ரூமில் முதலில் தாழ்ப்பாள். உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும். கதவை வெறுமனே சாத்திவிட்டு, கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் "ஆள் இருக்கிறது" என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பழக்கம். அம்மாவின் மானமும் போகவில்லை.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருப்பார்கள். அது ஆள் கனத்தைத் தாங்காது, பிடுங்கிக்கொண்டு வரும். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் தனிக் கம்பி வேண்டும், சுவரில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட்டில் இறுக்கியது. நம் ஊர் உப்புக் காற்றில் சாதா இரும்பு துருப்பிடித்துவிடும். எவர்சில்வர் கம்பியாக வாங்குங்கள். வாளியில் குனிந்து மொண்டு குளிப்பதற்குப் பதில், காலில் ரப்பர் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்தவரை உள்ளே விடுங்கள்.

படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி விளக்கு எரிய வேண்டும். நிலைப்படியின் விளிம்பிலும் படிக்கட்டு விளிம்பிலும் தரை நிறத்துக்கு எடுப்பான நிறத்தில் ஒரு பட்டை பெயின்ட் அடியுங்கள். கண்புரை இருக்கும் கண்ணுக்குக்கூட அது தெரியும். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச். 2011 தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. மிதியடி நழுவினால் எடுத்துவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கைத்தடியைப் பலர் தப்பான கையில் பிடிக்கிறார்கள். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு கணக்கு: செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால் மாற்றுங்கள்.

[காட்சி: தரையில் பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒருவர். அருகில் நாற்காலி.]

இத்தனையும் செய்தும் விழுந்துவிட்டால்?

அக்குளில் கையைக் கொடுத்து உடனே தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். எங்கே வலிக்கிறது, தலை இடித்ததா என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். இடுப்பு எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. அதையும் ஓரிரு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் படுக்கைப் புண், சளிக் காய்ச்சல், கால் நரம்புக்குள் இரத்தம் உறைவது என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்.

தலை இடித்திருந்து, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தலைவலியாக, தூக்கக் கலக்கமாக, பேச்சுக் குழறலாக வெளிப்படலாம்.

அடி எதுவும் இல்லையென்றால் அவர்களே எழ முடியும். பக்கவாட்டில் புரண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றி, நாற்காலி வரைக்கும் தவழ்ந்து, அதன் மேல் கைகளை வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். நீங்கள் நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தைக் கேட்டுப் பெறுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் கொடுப்பார்கள். 70 வயதான எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 2024 அக்டோபரிலிருந்து ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு உண்டு. ஆதாரை வைத்து இப்போதே பதிந்து வையுங்கள், விழுந்த பிறகு அலையாதீர்கள். பேச்சுத்துணைக்கோ, சட்ட விவரத்துக்கோ, யாராவது கொடுமைப்படுத்தினாலோ பெரியவர்களுக்கான உதவி எண் 14567.

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில், விழுந்ததையே மறைத்துவிடுவார்கள். "விழுந்தியா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எங்கேயாவது கால் தடுமாறுச்சாம்மா, எதையாவது பிடிச்சுக்கிட்டு நின்னியா?" என்று கேளுங்கள். எங்கள் அம்மா முதல் தடவை விழுவதற்கு முன்பே இரண்டு முறை தடுமாறியிருந்ததை, இப்படிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

[காட்சி: நாற்காலி. தரையில் 10 அடி தூரத்தில் சாக்பீஸ் கோடு. செல்போனில் ஸ்டாப்வாட்ச்.]

கடைசியாக வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைத்தடி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை முதலில் அளந்தபோது 31 விநாடி. இப்போது 17. காலையில் நான் வாசல் தெளித்துவிடுகிறேன். ஈரம் கொஞ்சம் காய்ந்ததும், திண்ணையைப் பிடித்துக்கொண்டு அவர் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அளப்போம்.