இலையுதிர் காலமும் இளங்குடும்பமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறு குழந்தைகளின் நினைவாற்றல் எப்படி வளர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்தும் படித்தும் வருகிறவன் நான். கைக்குழந்தையோ மழலையோ உள்ள இளம் பெற்றோர் இலையுதிர் காலத்தில் வெளியே சென்று வருவதைப் பற்றியும், உறவினரோடு பொழுது கழிப்பதைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இரண்டையும் தனித்தனியே பேசலாம் என்றுதான் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்; எழுத எழுத, அவற்றைப் பிரிக்க முடியாது என்று தோன்றியது. பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "பாட்டியோடு பேசு, கண்ணே" என்று எத்தனை முறை சொன்னாலும் குழந்தை வாய் திறக்காது. அதே பாட்டி அதன் கையைப் பிடித்துக்கொண்டு சருகுகளின் மேல் நடந்தால், வீடு திரும்பும்வரை அது வாயை மூடாது.

பருவத்திலிருந்து தொடங்குகிறேன். வடகோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 அன்றும், தென்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21 அன்றும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகி, அதன்பின் இரவு நீளத் தொடங்குகிறது. இந்த மாற்றம் நாம் நினைப்பதைவிட வேகமானது. நிலநடுக்கோட்டிலிருந்து 50 பாகை தள்ளி வாழ்கிறவர்களுக்கு அந்த வாரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடப் பகல் குறைகிறது. ஒரு வாரம் போனால் அரை மணி நேரம் போயிற்று என்றே கொள்ளலாம். குழந்தை நண்பகல் உறக்கம் முடிந்து எழுந்த பிறகு கிளம்பலாம் என்று கோடையில் பழகிய குடும்பம், அதே பழக்கத்தில் கிளம்பினால் இருட்டில்தான் திரும்பும். ஆகவே இந்தப் பருவத்தில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்; உறக்கத்தைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதும் இந்தப் பருவத்தில்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது அக்டோபரின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பரின் முதல் ஞாயிறு. கடிகாரம் சொன்னபடி கேட்கும், குழந்தை கேட்காது. முந்தைய நாள் ஆறு மணிக்கு எழுந்த பிள்ளை, அன்று ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்து உங்களையும் எழுப்பும். மாலையில் அதற்கு மற்ற நாட்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கண்ணைச் சுழற்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு எந்த உறவினரின் அழைப்பையும் ஏற்காதீர்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை வளர்த்தவர்கள் சிரித்தபடியே ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, பல வீடுகளில் மனத்தாங்கலாகவே முடிகிற ஒரு விஷயம். கோடையில் பாட்டி வந்தபோது ஐந்து மாதக் குழந்தை அவர் மடியில் கிடந்து பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது. மூன்று மாதம் கழித்து, இலைகள் பழுக்கும் வேளையில் அதே பாட்டி ஆசையோடு கைகளை நீட்டினால், குழந்தை அலறிக்கொண்டு தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. பாட்டியின் முகம் வாடுகிறது, தாய்க்குச் சங்கடம், யாரோ எதையோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்ற ஐயம் சிலருக்கு. யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏறத்தாழ எட்டாம் மாதத்தில், நாள்தோறும் காணும் முகங்களையும் அபூர்வமாகக் காணும் முகங்களையும் குழந்தை தெளிவாகப் பிரித்தறியத் தொடங்குகிறது. அந்தத் தெளிவின் விளைவே அச்சம். ரெனே ஸ்பிட்ஸ் என்ற உளவியல் மருத்துவர் இதற்கு எட்டாம் மாத அச்சம் என்றே பெயரிட்டார். குழந்தையின் அறிவு வளர்கிறது என்பதற்கு அடையாளமாகிய ஒன்றைப் பாட்டியின் மீதுள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு வெளியே செல்வதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. வீட்டுக்குள் எல்லோரும் குழந்தையை நோக்கியே உட்காருகிறோம். அத்தனை கண்களும் அதன் மேல்தான். வெளியே நடக்கும்போது எல்லோரும் ஒரே திசையில் பார்க்கிறோம். தாயின் இடுப்பில் குழந்தை இருக்க, பாட்டி பக்கத்தில் நடந்தபடி ஓர் இலையைக் காம்போடு பிடித்துச் சுழற்றினால், குழந்தை முதலில் இலையைப் பார்க்கும், பிறகு அந்த இலையைப் பிடித்திருக்கும் விரலைப் பார்க்கும், வெகுநேரம் கழித்து முகத்தைப் பார்க்கும். அதுவரை பாட்டி காத்திருக்க வேண்டும். கையை நீட்டக் கூடாது. காத்திருந்தால் குழந்தை தானாகவே கையை நீட்டும்.

இனி என் அண்ணனைப் பற்றி. எந்தக் கூட்டத்தில் பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் மகனும் மருமகளும் அவரையும் நான்கு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, ஒரு குன்றின் உச்சியிலிருந்து காடு முழுவதும் நிறம் மாறியிருப்பதைப் பார்க்கக் கிளம்பினார்கள். வெகுதூரம் காரில் போய் இறங்கினால், வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு ஹார்ஸ் செஸ்நட் மரம். அதன் அடியில் குந்தி உட்கார்ந்த பேத்தி அங்கிருந்து எழவே மறுத்துவிட்டாள். மகன் கெஞ்சினார், மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனோ பேத்தியின் அருகில் தாமும் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை உதிர்ந்த இடத்தில் அதன் கிளையில் ஒரு தழும்பு இருக்கும். அது குதிரை லாடத்தின் வடிவிலேயே, லாடத்தில் ஆணி அறைந்தாற்போன்ற சின்னஞ்சிறு புள்ளிகளோடு இருக்கும். இலைக்கு நீரையும் இலையிலிருந்து சர்க்கரையையும் கொண்டுசென்ற குழாய்கள் அறுபட்ட இடங்களே அந்தப் புள்ளிகள். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பேத்தியின் சுட்டுவிரலை எடுத்து அந்தத் தழும்பின் மேல் வைத்தார் அண்ணன். "இங்கே ஒரு குதிரை நடந்து போயிருக்கிறது, பார்த்தாயா?" என்றார். பேத்தி அதை நம்பவில்லை; ஆனால் அடுத்த தழும்பைத் தேடினாள், அதற்கடுத்ததையும் தேடினாள். கிளையின் நுனியில் பிசுபிசுவென்று அரக்கு நிறத்தில் ஒரு மொட்டு விரலில் ஒட்டியது. வரும் வசந்தத்துக்கான இலைகள் அதற்குள் மடிந்து கிடக்கின்றன என்று கேட்டதும் அவளுக்கு ஒரே வியப்பு. "இலை விழும்போது மரத்துக்கு வலிக்குமா, தாத்தா?" என்று கேட்டாள். காற்று மரத்திடமிருந்து இலையைப் பறிப்பதில்லை. மரமே காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கை உண்டாக்கி, தன் பக்கத்தைத் தக்கை போன்ற ஒரு காப்பால் மூடிக்கொண்டு இலையை விடுவிக்கிறது. இதை அண்ணன் தமக்குத் தெரிந்த அளவில் சொல்லி, "புண்ணை முதலில் மூடிக்கொண்டு பிறகுதான் விடுகிறது, அதனால் வலிக்காது" என்று முடித்தார். தாவரவியலாளர் ஒருவர் இதில் திருத்தம் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன்.

இலையின் நிறத்தைப் பற்றியும் ஒரு வரி. பச்சையம் சிதைந்து மறைந்ததும், கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; சிவப்பு அப்படி இருந்ததில்லை, சர்க்கரையைக் கொண்டு இலை அதைப் புதிதாக ஆக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டுகளில் சிவப்பு மிகுந்து தெரிவதற்குக் காரணம் அதுதான்.

அன்று குன்றின் உச்சிக்கு யாரும் போகவில்லை. திரும்பும்போது மகனுக்கு மனக்குறைதான். ஆனால் அண்ணன் அதன்பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்தக் குதிரையைப் பற்றிக் கேட்பார். "நாம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோமே, அந்தக் குதிரை எந்தப் பக்கம் போயிருக்கும்? உன் விரலில் ஏதோ ஒட்டியதே, அது எப்படி இருந்தது?" பேத்தி ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஏதாவது சொல்வாள். இன்று அவள் உயர்நிலைப் பள்ளி மாணவி. அந்தப் பிசுபிசுப்பு நினைவிருக்கிறது என்கிறாள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பெரியவர்களிடம் அவர்களின் முதல் நினைவைக் கேட்டால், சராசரியாக மூன்றரை வயதைச் சுற்றியே சொல்கிறார்கள். அதற்கு முன் நடந்தவை பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. நான்கு, ஐந்து வயதில் நடந்தவற்றிலும் பல தங்குவதில்லை. எது தங்குகிறது என்பதில், அதைப் பற்றிப் பிறகு யார் எப்படிப் பேசினார்கள் என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் பெற்றோரின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். சில பெற்றோர் "எங்கே போனோம்? என்ன நிறம்? யார் வந்தார்கள்?" என்று தேர்வு வைப்பதுபோல் கேட்டு, விடை வராவிட்டால் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார்கள். வேறு சிலர், குழந்தை சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு நினைவில் உள்ளதை அதில் சேர்த்து, மேலும் சொல்ல இடம் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகைப் பெற்றோரின் பிள்ளைகளே பின்னாளில் விரிவாக நினைவுகூருகிறார்கள். நியூசிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னதாக இருந்தது. கடந்த காலத்தை ஓயாமல் எடுத்துரைக்கும் அவர்களது மரபையே அதற்குக் காரணமாகக் கருதுகிறார்கள்.

பெற்றோருக்கு இப்படி உட்கார்ந்து பேச நேரம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் அத்தையும் மாமாவும் தாத்தாவும் பாட்டியும். கூட வந்தவர்களால்தான் "அன்று நீ என்ன செய்தாய் தெரியுமா?" என்று தொடங்க முடியும், புகைப்படத்தை மட்டும் பார்த்தவர்களால் முடியாது. எனவே உறவினரை விருந்துக்கு மட்டும் கூப்பிடாமல் நடக்கவும் கூப்பிடுங்கள். தொலைவு வேண்டாம், ஒரு மரம் போதும். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றிக் குழந்தையோடு பேசும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மார்ஷல் டியூக் என்ற உளவியலாளர் ஃபிவுஷோடு சேர்ந்து, பிள்ளைகளுக்குத் தம் குடும்பக் கதை எவ்வளவு தெரியும் என்று அறிய 20 கேள்விகளைத் தொகுத்தார். தாத்தாவும் பாட்டியும் எங்கே சந்தித்தார்கள், உனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்பது போன்றவை அவை. அந்தக் கேள்விகளை விரிவாகப் பேசவே எண்ணியிருந்தேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அறிவிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். பாதுகாப்பைப் பற்றிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றையேனும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

காரில் குழந்தையின் பாதுகாப்பு இருக்கையில் தடித்த மேலங்கியோடு உட்கார வைத்துப் பட்டியைப் பூட்டாதீர்கள். மோதலின்போது அங்கி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியை உடலோடு இறுக்கிப் பூட்டிய பிறகு, அங்கியை மேலே போர்த்துங்கள். காட்டுக் காளான் எதையும் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள். சில காளான்களின் நஞ்சு சமைத்தாலும் போகாது, அறிகுறி தோன்றவும் பல மணி நேரமாகும். நான் சொன்ன ஹார்ஸ் செஸ்நட் மரத்தின் கொட்டையும் உண்ணத் தக்கதன்று. கையில் வைத்து விளையாடலாம், அதுவும் வாயில் போடாத வயதில். இருமல், சளி உள்ள உறவினர் பிறந்து சில மாதமே ஆன குழந்தையை முத்தமிட வேண்டாம்; பெரியவருக்குச் சாதாரணச் சளியாக இருப்பது அந்த வயதில் மூச்சுத் திணறலாக மாறலாம். அன்பாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஒரு வயது நிறைவதற்குள் யாரும் ஆசையாகக்கூடத் தேனை நாக்கில் தடவ வேண்டாம். அதற்கான காரணத்தைச் சொல்ல நேரமில்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், விளக்குவார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், இதுவரை கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.