கிலோமீட்டர் கூடியது, நேரம் குறைந்தது

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் "பஸ்ஸில் மூன்று மணி நேரம்" என்றுதான் சொல்கிறோம். புவியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களின் இந்த விடையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். திருந்த வேண்டியவன் நானே என்பதைத் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம்தான் எனக்கு உணர்த்தியது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால், இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்துக்கு அருகில் செல்லும். அதன் அளவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று அட்டவணைகளில் நாம் பார்ப்பது இந்த நூல் கணக்கைத்தான். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, விமானம் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாக, ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அதையே கிழக்கு நோக்கித் திருப்பிப் பசிபிக் வழியாக அனுப்பினார்கள். அந்த வழி ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். ஆனால் பயண நேரமோ சுமார் இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி ஆனது. மீண்டும் சொல்கிறேன்: தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது, நேரம் இரண்டு மணி குறைந்தது.

ஆடிக்காற்றில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானங்கள் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்து முக்குகிறது. கிழக்கே போவதை அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது.

இந்தக் காற்றைப் பற்றிப் பேசினால் வசாபுரோ ஓயிஷியைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஜப்பானிய வானிலையாளரான அவர், 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைக் கருவியால் தொடர்ந்து அளந்து, இந்த வேகத்தைக் கண்டறிந்தார். உலகமே படிக்க வேண்டும் என்ற ஆசையில் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்ட அதை, பாவம், எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 1944-இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள், எதிர்க்காற்றில் திணறியபோதுதான் அதை நேரில் சந்தித்தார்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பெங்களூரு விமானம் 2021-இல் துருவத்தைக் கடந்த கதைக்கு இனி நேரமில்லை. ஒன்று மட்டும். இங்கே கோடை காலத்தில் அதிகாலை 4 மணிக்குத் தில்லியில் புறப்பட்டுப் பதினைந்தரை மணி நேரம் பறந்தால், சான் பிரான்சிஸ்கோவில் அன்றே காலை 7 மணிக்கு இறங்கலாம். பன்னிரண்டரை மணி நேர வேறுபாட்டை அந்த ஊர்க் கடிகாரம் விழுங்கிவிடுகிறது. திரும்பும்போதும் விமானம் அதே காற்றோடு கிழக்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகவே வந்தது. ஆகவே போய்வந்த பயணி, தாம் அறியாமலே உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். நன்றி, வணக்கம்.